பல்லி சொல்லும் வரை

"துவையல்ல புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு," என்றார் என் கணவர்.

"நல்லா இருக்கா, இல்லையா?"

"தூக்கலா இருக்குன்னா நல்லா இருக்குன்னுதான் அர்த்தம். இத்தன வருஷமா என்னத்தக் குடும்பம் நடத்துன?"

நான் அவர் இலையில் இன்னும் கொஞ்சம் துவையல் வைத்தேன். உள்ளே எங்கள் அறையில் கார்த்திக் தூங்கிக்கொண்டிருந்தான். கார்த்திக் என் கணவருடைய அண்ணன் மகன், இரண்டாவது பிள்ளை. காலேஜ் லீவு விட்டால் சென்னையிலிருந்து வலையபட்டிக்கு வந்து எங்களோடு சில நாள் இருப்பான். மத்தியானம் சாப்பிட்டதும் விழுந்து தூங்குவான். அவன் தூங்கும்போது நாங்கள் இருவரும் குரலைத் தாழ்த்திப் பேசுவோம். குரலைத் தாழ்த்துவதற்கு வீட்டில் ஒரு காரணம் இருப்பதே எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"கேட்ருவமா?" என்றார்.

எதை என்று நான் கேட்கவில்லை. "நீங்க கேளுங்க. உங்க அண்ணன்தான."

"படைப்புக்கு எல்லாரும் வருவாகல்ல. சாமி முன்னாடி, பங்காளிக முன்னாடி வச்சுக் கேட்டா எங்க அண்ணன் மாட்டேம்பாகளா?"

"மாட்டேன்னுட்டாகன்னா?"

"அப்ப நீயும் நானும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். இப்ப மட்டும் என்ன செய்யிறோம்?"

சிரித்துக்கொண்டோம். அந்த வருடப் படைப்பு வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். காரைக்குடியில் ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாராம். அதற்குப் பிறகு, கேட்கவேண்டிய அந்தக் கேள்வி என்னிடம் மட்டும் மிஞ்சியது.

என் பெயர் தேனம்மை. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். நான் கெட்டவள் இல்லை. முழுவதும் கேட்டால் உங்களுக்கே புரியும்.

எங்கள் சமூகத்தில் கல்யாணமான தம்பதியை ஒரு புள்ளி என்பார்கள். கோயில் வரியும் பங்காளிக் கணக்கும் புள்ளியை வைத்துத்தான். கணவர் இறந்துவிட்டால் மிஞ்சியவள் அரைப் புள்ளி. பிள்ளை இல்லை என்றால் அவளோடு அந்தப் புள்ளியே அழிந்துபோகும். அது நடக்கக்கூடாது என்றுதான் பிள்ளை கூட்டிக்கொள்ளும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். பங்காளி வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் ஒருவனைக் கேட்பது. வளர்ந்த பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை. பெற்றவர்கள் சம்மதித்து, சபையில் கையைப் பிடித்துக் கொடுக்க, அவன் மஞ்சள் நீர் குடித்தால் அன்றிலிருந்து இந்த வீட்டுப் பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னால் கூட்டிவிடுவதுதான் எங்கள் பங்காளிகளுக்குள் முறை. கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் அப்பா பெயராக வரும் என்பது அதற்குள் முடிவாகிவிட வேண்டும்.

வலையபட்டி வீடு பெரிய வீடு. நடு முற்றமான வளவைச் சுற்றிப் பங்காளிகளுக்கெல்லாம் ஆளுக்கு ஓர் அறை உண்டு. எல்லாம் பூட்டியிருக்கும். சாவிகள் என்னிடம். மாதம் ஒரு முறை ஒவ்வோர் அறையாகத் திறந்து, கூட்டி, மறுபடி பூட்டுவேன். மற்ற நாட்களில் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு வீட்டின் பின்கட்டுக்குப் போய் வேலை செய்வேன். தூரத்திலிருந்து கேட்டால் வீட்டில் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். கேஸ் பதிவு செய்யும் எண்ணுக்கு, சிலிண்டர் தேவைப்படாத நாளிலும் அடித்திருக்கிறேன். அதில் ஒரு பெண் வணக்கம் சொல்வாள். தமிழுக்கு எந்த எண் என்று பொறுமையாகச் சொல்வாள். நான் எந்த எண்ணையும் அழுத்தாமல் அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். யாருக்கும் இதனால் கஷ்டமில்லை.

படைப்பு என்பது முன்னோர்களுக்கு இலை போட்டு, புதுத்துணி வைத்துக் கும்பிடுவது. அதற்கு மட்டும் எல்லாப் புள்ளிகளும் வந்தாக வேண்டும். ஊரடங்கு போட்ட வருடம் படைப்பு நின்றுபோனது. மறு வருடம் பங்குனியில் வைப்பதென்று பேசினார்கள். தேர்தல் நேரம். ஊரெல்லாம் கூட்டம், மேளம், ஒலிபெருக்கி. நோய் போய்விட்டது என்றே எல்லாரும் நினைத்தோம். அந்தச் சமயத்தில்தான் என் ஓரகத்தி, கார்த்திக்கின் அம்மா உண்ணாமலை ஆச்சி போன் செய்தாள். கார்த்திக்குக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. பெண் பெயர் சௌபர்ணிகா, தேவகோட்டைப் பக்கம். ஆவணியில் கல்யாணம்.

"நீதான் முன்னுக்க நின்னு எல்லாஞ் செய்யணும் தேனு," என்றாள்.

சரி ஆச்சி என்றேன். போனை வைத்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆவணிக்கு முன்னால் பங்காளிகள் எல்லாரும் ஒரே இடத்தில் உட்காருவது இந்தப் பங்குனிப் படைப்பில் மட்டும்தான். அது தப்பினால் அவ்வளவுதான்.

படைப்புக்குச் சில நாள் முன்பு எனக்கு உடம்பு வலித்தது. லேசாகக் காய்ச்சல். ஒட்டடை அடித்த அலுப்பு என்று நினைத்தேன். அடுத்த நாள் அடுப்பில் பால் பொங்கிக் கருகிப் பாத்திரம் தீய்ந்துபோயிருக்கிறது, பக்கத்து அறையில் இருந்த எனக்குத் தெரியவில்லை. புகையைக் கண்ணால் பார்த்துத்தான் ஓடினேன். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். வெறும் டப்பா மாதிரி இருந்தது.

நான் பொறுப்பில்லாதவள் என்றால் அத்தோடு விட்டிருப்பேன். மறுநாளே பஸ் ஏறித் திருப்பத்தூர் போய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். முகக்கவசத்தைச் சரியாகப் போட்டிருந்தேன். விலாசம் கேட்டார்கள். ஒக்கூரில் நான் பிறந்த வீட்டு விலாசத்தைச் சொன்னேன். என்னைப் பெற்ற அப்பச்சியும் ஆத்தாளும் போன பிறகு அது பூட்டிக் கிடக்கிறது. பொய்யான விலாசம் என்று சொல்ல முடியாது, அதுவும் என் வீடுதான். பிறகு அந்த வீட்டுக் கதவில் ஆட்கள் வந்து தாள் ஒட்டிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். உள்ளே இருப்பவர் தனிமைப்படுத்தப்பட்டவர் என்று அதில் எழுதியிருந்ததாம். அது உண்மைதான். வீட்டை மட்டும் மாற்றி ஒட்டிவிட்டார்கள்.

முடிவு, படைப்பு அன்று காலையில் வந்தது. சுகாதார நிலையத்திலிருந்து போனில் ஒரு பெண் பேசினாள். சத்தியப்பிரியா என்று பெயர் சொன்னாள். சின்ன வயதுக் குரல்.

"ஆச்சி, உங்களுக்கு இருக்குன்னு வந்திருக்கு. பயப்படாதீக. மூச்சு வாங்குதா?"

இல்லை என்றேன்.

"சாப்பிடுறீகளா?"

"ருசி தெரியல. ஆனா சாப்பிடுறேன்."

"அப்படித்தான் இருக்கும். ஒரு ரூம்ல தனியா இருங்க. ஜன்னலத் திறந்து வச்சுக்கோங்க, காத்து வந்து போகட்டும். வீட்ல வேற யாரும் இருக்கீகளா?"

வளவைச் சுற்றிப் பார்த்தேன். எல்லா அறைகளும் திறந்திருந்தன, பாய் விரித்திருந்தது, ஒருவரும் வந்திருக்கவில்லை. "யாருமில்ல," என்றேன். அந்த நிமிடத்துக்கு அது உண்மை. அவள் எந்த மாத்திரை, எப்போது சாப்பிட வேண்டும், எது வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். என்ன வேண்டுமானாலும் இந்த எண்ணுக்குக் கூப்பிடச் சொன்னாள். பல மாதங்களில் என் உடம்பைப் பற்றி இவ்வளவு நேரம் கேட்டவள் அவள்தான். வைக்கிறேன் ஆச்சி என்று அவள் சொன்னபோது எனக்கு மனசு வரவில்லை. வாசலில் முதல் கார் வந்து நின்ற சத்தம் கேட்டதால் வைத்தேன்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாசலிலேயே நின்று, எனக்கு உடம்பு சரியில்லை, எல்லாரும் திரும்பிப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் போயிருப்பார்கள். அதுதான் விஷயம். போயிருப்பார்கள், மறுபடி வந்திருக்க மாட்டார்கள். ஆளாளுக்கு லீவு போட்டு, சிங்கப்பூரில் இருப்பவர்கள்கூட எப்படியோ வந்து சேர்ந்த நாள் அது. கார்த்திக் காரிலிருந்து இறங்கித் தும்மினான். ராத்திரி முழுதும் ஏசிக் காற்றில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் அம்மா திட்டினாள். அவன் நேராக என்னிடம் வந்து, "சின்னாத்தா, மெலிஞ்சு போய்ட்டீக. எனக்குச் சோறு வைக்காம நீங்களும் சாப்பிடுறதில்லையா?" என்றான்.

அப்படிக் கேட்கிற பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்ப எந்தத் தாயால் முடியும்?

படைப்பில் எங்கள் பங்காளிகளுக்குள் மட்டும் ஒரு முறை உண்டு. இலை போட்டு, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டதும் சாமி வீட்டின், அதாவது எங்கள் பூஜை அறையின், கதவையும் ஜன்னல்களையும் சாத்திவிடுவோம். பங்காளிகள் எல்லாரும் உள்ளேயே உட்கார்ந்திருப்போம். வீட்டிலேயே இருக்கிற பெண் முன்னால் உட்கார்ந்து, செத்துப்போனவர்கள் பெயரை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒரு பெயர் சொன்னதும் எல்லாரும் சேர்ந்து "வாங்க" என்று சொல்வார்கள். பெயர்கள் முடிந்த பிறகு பேசாமல் காத்திருக்க வேண்டும். பல்லி சொன்னால் அவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டார்கள் என்று பொருள். பல்லி சொல்லும் வரை கதவைத் திறக்கக்கூடாது.

சிலர் முகக்கவசம் போட்டிருந்தார்கள். என் மூத்தார் மெய்யநாதன், கார்த்திக்கின் அப்பா, வேடிக்கையாகப் பேசக்கூடியவர். "எல்லாத்தையும் கழட்டுங்கப்பா. கும்பிட வந்தவன் யாரு, திருட வந்தவன் யாருன்னு பெரியவுகளுக்குத் தெரிய வேணாமா?" என்றார். எல்லாரும் சிரித்துக் கழற்றினார்கள். நான் கழற்றச் சொல்லவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

நான் பெயர்களைச் சொன்னேன். எனக்கு நல்ல குரல். எங்கள் குரல் அந்தச் சாத்திய அறையில் முட்டித் திரும்பியது. ஒவ்வொரு பெயருக்கும் அறை முழுதும் "வாங்க" என்றது. நான் தனியாக இருக்கும் நாட்களில் சமையலறையில் நின்று அந்தப் பெயர்களைச் சொல்லிப் பார்த்ததுண்டு. யாரும் வாங்க என்று சொன்னதில்லை. கடைசிப் பெயர் லட்சுமணன். என் கணவர். அதைச் சொல்லும்போது எனக்கு இருமல் வந்தது. சாம்பிராணிப் புகையில் எல்லாரும் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அன்றைக்குப் பல்லி சொல்லவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. குழந்தைகள் சிணுங்கின. பங்குனி வெயிலில் ஓட்டுக்குக் கீழே புழுக்கம் தாங்கவில்லை. "பல்லிக்கும் ஊரடங்கு போட்டாக போலருக்கு," என்றார் மூத்தார் மெதுவாக. அடக்கி அடக்கிச் சிரித்தார்கள். உண்ணாமலை ஆச்சிக்கு மூச்சுக் கோளாறு உண்டு. முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக் கார்த்திக் எழுந்துபோய்த் தோட்டத்துப் பக்கத்து ஜன்னலைத் திறந்தான். காற்று வந்தது. விளக்குச் சுடர் சாய்ந்தது.

"அப்பு, சாத்திரு," என்றேன் கார்த்திக்கிடம். "விளக்கு அணஞ்சிரும்."

அவன் என்னைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு சாத்தினான்.

அந்த ஒரு விஷயத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். விளக்கைத் தள்ளி வைத்திருக்கலாம். ஆனால் ஜன்னலைத் திறந்தால் கதவைத் திறப்பார்கள். கதவைத் திறந்தால் எழுந்து போவார்கள். பல்லி சொன்னதும், எல்லாரும் அமைதியாக இருக்கிற அந்த நிமிடத்தில் கேட்டுவிட வேண்டும் என்று நான் வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதோடு, உண்மையைச் சொன்னால், அவர்கள் எல்லாரும் என்னைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஒருத்தி மடியில் இன்னொருத்தி குழந்தை, ஒருவர் தோளில் இன்னொருவர் தலை. எல்லாரும் விட்ட மூச்சை எல்லாரும் இழுத்துக்கொண்டிருந்தோம். குடும்பம் என்றால் அதுதானே.

ஒருவழியாகப் பல்லி சொன்னது. சொன்ன மறு நிமிடம் கதவைத் தள்ளிக்கொண்டு எல்லாரும் வெளியே ஓடினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அறை காலியாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு கேட்கலாம் என்று பந்தியில் பரிமாறினேன். உண்ணாமலை ஆச்சி இலைக்கு நெய் விடும்போது என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"பெரியவன் அமெரிக்காவுலயே இருந்துக்கிறுவான் தேனு. கடைசி காலத்துல எங்கள வச்சுப் பாக்கப்போறவன் கார்த்திதான். அவன் இல்லன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிரும்," என்றாள்.

நான் இன்னும் கொஞ்சம் நெய் விட்டேன். அதற்கு மேல் எப்படிக் கேட்பது? வெயில் தாழ்ந்ததும் ஒவ்வொரு காராகக் கிளம்பியது. மறுநாள் அறைகளைக் கூட்டிப் பூட்டினேன்.

ஒரு வாரத்துக்குள் போன்கள் வர ஆரம்பித்தன. இவருக்குக் காய்ச்சலாம், அவருக்கு மூச்சுத்திணறலாம். பெரும்பாலோர் படுத்து எழுந்துவிட்டார்கள். மூத்த பங்காளி ஒருவர் எழவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காமல் மூத்தார் மெய்யநாதன் காரிலேயே வெகுநேரம் காத்திருந்தார் என்றார்கள். கிடைத்த பிறகும் பயனில்லை. உண்ணாமலை ஆச்சி அவருக்குப் பின்னால் சில நாளில் போனாள். இருவர் முகத்தையும் கார்த்திக் பார்க்க முடியவில்லை. அவனும் அப்போது படுக்கையில் இருந்தான். எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. தனியாகவே கஞ்சி வைத்துக் குடித்துத் தேறினேன். என்னை வந்து பார்க்க யாரும் இல்லை என்பதால் அதன் பிறகு என்னிடமிருந்து யாருக்கும் வரவும் இல்லை.

பிறகு சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்தார். சரவணகுமார் என்று பெயர். அலைந்து களைத்திருந்தார். மோர் கொடுத்தேன். சாமி வீட்டுக்குள் போய், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டார். முன் வரிசை, பின் வரிசை, மூலையில் இருந்தவர்கள் என்று பேதமில்லாமல் எல்லாருக்கும் வந்திருப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். கதவுக்கு வெளியே வளவில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற டிரைவர் வீரையாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

"தொட்டாத்தான் வரும்னு நெனைக்கிறாகம்மா," என்றார். "இந்த மூலையில போடுற சாம்பிராணி அந்த மூலைக்கு எப்படிப் போகுது? அது மாதிரித்தான். பேசுற பேச்சுல, விடுற மூச்சுல வந்து காத்துல அப்படியே நிக்கும். சத்தமாப் பேசப் பேசக் கூடும். ஜன்னல் ஒண்ணு திறந்திருந்தாக்கூடப் பாதி கலஞ்சு போயிருக்கும்."

அவர் விளக்கியது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. பிறகு கேட்டார், வந்தவர்களில் யாருக்காவது முன்பே சளி, தும்மல் இருந்ததா என்று. வந்தவர்களில் என்றுதான் கேட்டார். நான் வந்தவள் இல்லை, இருந்தவள். கார்த்திக் தும்மியதைச் சொன்னேன். அது எல்லாரும் பார்த்ததுதான். சென்னையிலிருந்து வந்த பிள்ளை என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்தச் சொல் எப்படியோ பங்காளிகளிடம் போய், கார்த்திக்கிடமும் போய்ச் சேர்ந்தது.

சாவு நடந்த வீட்டில் அந்த வருடம் கல்யாணம் வைக்கவில்லை. பிறகு அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சௌபர்ணிகா பலமுறை போன் செய்தாளாம், எடுக்கவில்லையாம். சென்னை வீட்டில் அவனால் இருக்க முடியவில்லை. ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் பையோடு வலையபட்டி வாசலில் நின்றான்.

"கொஞ்ச நாள் இங்குட்டு இருக்கவா சின்னாத்தா?" என்றான்.

கொஞ்ச நாள் என்பது மாதங்கள் ஆயிற்று. லேப்டாப்பை வைத்து இங்கிருந்தே வேலை பார்த்தான். நான் டிவியைச் சத்தமாக வைப்பதை நிறுத்தினேன். இரண்டு டம்ளர் கழுவினேன். மத்தியானம் அவன் தூங்கும்போது நடையைக்கூட மெதுவாக்கினேன். அவன் இருக்கிற அறையில் எல்லா ஜன்னலையும் திறந்தே வைப்பான், மழை அடித்தாலும். அது ஏன் என்று மட்டும் நான் கேட்டதில்லை. அந்த மாதங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நிறைவாக இருந்த மாதங்கள் என்று சொன்னால் நீங்கள் தவறாக நினைக்கக்கூடாது.

சில நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கையை நிறுத்திவிடுவான்.

"நான்தான் கொண்டாந்தேன் சின்னாத்தா. நான் வராம இருந்திருந்தா ரெண்டு பேரும் இருந்திருப்பாக. ஆத்தா மூச்சு விட முடியாம இருந்தாக, நானே எந்திரிச்சுப்போய் ஜன்னல சாத்துனேன்."

"அப்படிச் சொல்லாத அப்பு," என்பேன். வேறு எதுவும் சொன்னதில்லை. ஆமாம் நீதான் என்று நான் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். குற்றம் செய்தவனை வைத்துச் சோறு போடுகிற ஒரே ஆள் நான்தான் என்று அவன் நினைத்தான். என் காலைத் தொட்டுக்கூட ஒரு தரம் கும்பிட்டான்.

பெற்றவர்களுக்கு முதல் வருடத் திவசம் கொடுத்த மறுநாள் காலை, அவன் பையைத் தூக்கிக்கொண்டு வளவுக்கு வந்தான். திருப்பத்தூருக்கு பஸ் ஏறி அங்கிருந்து போவதாகச் சொன்னான். எங்கே என்று கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை.

"இந்த வீட்டுல இருந்தா எனக்கு அந்த ரூம்தான் தெரியுது சின்னாத்தா. உங்களப் பாத்தா அவுக ஞாபகம் வருது. நான் செஞ்சதுக்கு நீங்க கோவப்பட்டாக்கூடப் பரவால்ல. நீங்க பாசமா இருக்க இருக்கத்தான் எனக்கு மூச்சு முட்டுது. இனி வர மாட்டேன்."

நான் அவனை உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தான். யோசித்தேன். அந்தப் பாரம்தான் அவனை இங்கே கொண்டுவந்தது. இப்போது அதே பாரம்தான் அவனை வெளியே தள்ளுகிறது. அதை இறக்கி வைத்துவிட்டால் அவன் போகவேண்டிய காரணமே இல்லை. தவிர, பிள்ளையிடம் ஒளிவுமறைவு இருக்கக்கூடாது என்பது என் கொள்கை. அதனால் சொன்னேன். காய்ச்சலை, பெருங்காய டப்பாவை, திருப்பத்தூரை, ஒக்கூர் விலாசத்தை, காலையில் வந்த போனை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அழவில்லை. அழுதால் அவனைக் கரைக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பான்.

"நீ கொண்டு வரல அப்பு. என்கிட்டருந்துதான் எல்லாருக்கும் போச்சு. நீ நிம்மதியா இரு," என்றேன்.

அவன் பையைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்.

"ஜன்னல சாத்தச் சொன்னப்ப உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஆத்தா விசிறிக்கிட்டு இருந்தாகளே. அதப் பாத்தீகள்ல?"

"பாத்தேன்."

அவன் முகத்திலிருந்து என்னவோ ஒன்று இறங்கிப்போனது. பாரம்தான் இறங்கியது என்று எனக்குத் தோன்றியது. பையைத் தோளில் மாட்டினான். வாசல் பக்கம் திரும்பினான். என்னைத் திட்டவில்லை. திட்டாததால் அவன் மனசு எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான்.

முன்பு சபையைக் கேட்க வேண்டியிருந்தது. பெற்றவர்கள் இருவரையும் கேட்க வேண்டியிருந்தது. அதனால்தான் இத்தனை வருடம் என் வாயில் வரவில்லை. இப்போது அவனை மட்டும் கேட்டால் போதும். வளவில் வேறு யாரும் இல்லை. எல்லா அறைகளும் பூட்டியிருந்தன. மனப்பாடம் செய்திருந்த அந்த வாக்கியத்தை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"கார்த்தி, எனக்குப் பிள்ளையா வந்துருய்யா."